மாமா... ஒரே ஒரு ரவுண்டு!

பழனிக்குப் போய் வந்தவர்களுக்கு அந்த மாம்பழக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. நாரதர் கொண்டு வந்ததோ ஒரே ஒரு பழம். வீட்டில் பிள்ளைகளோ இரண்டு. 'உலகத்தை யார் முதலில் சுற்றி வருகிறீர்களோ அவருக்கே பழம்' என்று அப்பாவும் அம்மாவும் பந்தயம் வைக்கிறார்கள். சின்னவர் மயிலைக் கிளப்பிக்கொண்டு பறக்கிறார். பெரியவர் அப்பா அம்மாவையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொள்கிறார். திரும்பி வந்த சின்னவர் கோபித்துக்கொண்டு மலையேறி விடுகிறார்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது, பெரியவரின் சாமர்த்தியம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது வேறொரு விஷயம் உறுத்துகிறது. மீசை முளைக்காத பிள்ளை வாகனத்தை எடுத்துக்கொண்டு தலைதெறிக்கப் போகிறது... சரி. பந்தயம் வைத்தது யார்?

முருகப் பெருமான் மன்னிக்க வேண்டும். மயிலுக்கு லைசென்ஸ் கேட்கிற சட்டம் அந்தக் காலத்தில் இல்லை. இப்போது இருக்கிறது. அந்தச் சட்டம் ஓட்டின பிள்ளையோடு நிற்பதில்லை. மயிலை அவிழ்த்து விட்டவர் யார் என்றும் கேட்கிறது.

என்னைக் கேட்டது. அதுவும் பழனி மலையிலேயே வைத்துக் கேட்டது.

* * *

2024 மே 26, ஞாயிற்றுக்கிழமை. இடம், பெருமாள்மலை.

வத்தலக்குண்டைத் தாண்டிக் காட்ரோட்டில் ஏறி, டம்டம் பாறையில் இறங்கி எலிவால் அருவியை வேடிக்கை பார்த்து, ஊத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினால், கொடைக்கானலுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது வருகிற ஊர். பழனிக்குப் போகிற ரோடு அங்கேதான் பிரிகிறது. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிற சீசனில் கொடைக்கானலுக்குள் ரூம் வாடகை கேட்டால் குளிரிலும் வியர்க்கும். அதனால் பெருமாள்மலையில் ஒரு வீட்டை இரண்டு நாளைக்கு எடுத்திருந்தோம். அக்கா, அத்தான், அத்தானின் அம்மா, அக்கா பையன் எல்லோரும் வேனில். நான் மட்டும் என் பைக்கில்.

ஐகோர்ட் உத்தரவுப்படி மே 7-ம் தேதியிலிருந்துதான் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் இ-பாஸ் வந்திருந்தது. என்ன வண்டி, எத்தனை பேர், எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். 'சாவி யார் கையில் இருக்கும்?' என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் 'என் கையில்தான்' என்று பெருமையாக எழுதியிருப்பேன்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டோடு எல்லோரும் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஒரு வாரமாக நாடு முழுக்க ஓடிக்கொண்டிருந்த செய்திதான். புனேயில் மே 19 விடியற்காலையில் ஒரு பதினேழு வயதுப் பையன் ஓட்டி வந்த போர்ஷே கார் மோதி, பைக்கில் போன இரண்டு சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள் இறந்து போனார்கள். இரண்டு பேருக்கும் வயது 24. பையனுக்கு அன்றைக்கே ஜாமீன். நிபந்தனைகளில் ஒன்று, சாலை விபத்தைப் பற்றி 300 வார்த்தையில் ஒரு கட்டுரை! ஊர் கொந்தளித்த பிறகு அப்பா கைதானார். நாங்கள் செய்தி பார்த்துக்கொண்டிருந்ததற்கு முதல் நாள் தாத்தாவும் கைது. 'கார் ஓட்டினது நான்தான் என்று சொல்' என வீட்டு டிரைவரை மிரட்டி அடைத்து வைத்தார் என்பது போலீஸின் குற்றச்சாட்டு.

"தாத்தா வரைக்கும் உள்ள போயிட்டாரே!" என்று அத்தானின் அம்மா மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"காசுத் திமிரு. வேறென்ன?" - இது அத்தான்.

நான் ஒரு படி மேலே போனேன். "பையனைச் சொல்லிக் குத்தமில்ல அத்தான். சாவியைக் குடுத்தான் பாருங்க அப்பன்காரன், அவனைத் தூக்கி உள்ள வைக்கணும்!"

நான் இப்படிச் சொன்னதற்கு நாலு சாட்சி இருக்கிறார்கள். அதில் ஒருவன் அக்கா பையன். அவனுக்கும் வயது பதினேழு.

* * *

சாயங்காலம் நாலரை மணி. லேசாகத் தூறிவிட்டு நின்றிருந்தது. வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா... ஒரே ஒரு ரவுண்டு."

அவனுக்கு ஓட்டத் தெரியும். போன வருஷ லீவில் ஊர் மைதானத்தில் கற்றுக் கொடுத்தவனே நான்தான். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார். அப்பா திட்டுவார் என்று தெரிந்தும் பிள்ளைகள் தைரியமாகப் போய்க் கேட்கிற இடம் அது. அந்தப் பதவியில் ஒரு கிறக்கம் உண்டு, சார். 'மாமான்னா மாமாதான்' என்று ஒரு பையன் சொல்லிவிட்டால், ஆபீஸில் மேனேஜர் இன்க்ரிமென்ட் தந்தாலும் அந்தச் சந்தோஷம் வராது.

"எதுவரைக்கும்டா?"

"பழனி ரோட்டுல அந்தா தெரியுதுல்ல, அந்த வளைவு வரைக்கும்தான்."

சாவியைத் தூக்கிப் போட்டேன். பிடித்துக்கொண்டான். "மெதுவாப் போ" என்றேன்.

'மெதுவாப் போ' என்பதற்குச் சட்டத்தில் சல்லிக் காசு மதிப்பில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்த வளைவோடு அவன் திரும்பவில்லை. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு என்று இறக்கத்தில் இறங்கியிருக்கிறான். மலை ரோடு கீழே போகப் போக ஆளை இழுக்கும். மூன்றாவது வளைவுக்கு அந்தப் பக்கம் ஓரமாகக் கூடை வைத்து ப்ளம்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, வியாபாரம் முடிந்து எழுந்திருக்கிறார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பையன் பதறிப்போய் முன் பிரேக்கைப் பிடிக்க, ஈர ரோட்டில் வண்டி சரிந்து, அப்படியே வழுக்கிக்கொண்டு போய் அந்த அம்மாவின் காலில் மோதிவிட்டது.

இவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு.

பின்னால் ஒருநாள் கேட்டேன். "ஏண்டா, கியரில்தானே இறக்கினே?"

"இல்ல மாமா. நியூட்ரல்ல. நீங்க அப்படித்தானே இறக்குவீங்க? பெட்ரோல் மிச்சம்னு..."

கியரில் இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பாதி பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் இறங்கினால் முழுப் பாரமும் பிரேக்கில். இதை நான் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. தப்பாகச் செய்து மட்டும் காட்டியிருக்கிறேன்.

* * *

ஆஸ்பத்திரி வராந்தா. அந்த அம்மாவை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். போலீஸ்காரர் இன்னும் வரவில்லை. இந்த இடைவெளிதான் சார், குடும்பங்களுக்கு ஆபத்தான நேரம்.

அத்தான் என்னைத் தூணோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "தம்பி, தப்பா நினைக்காத. வண்டி உன்னுது. லைசென்ஸும் உன்கிட்ட இருக்கு. நீ ஓட்டினதாச் சொல்லிட்டா இன்ஷூரன்ஸும் வரும், பையன் படிப்பும் கெடாது. பிளஸ் டூ போறான்ல..."

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. என் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அத்தானின் அம்மா, மத்தியானம் 'தாத்தா உள்ள போயிட்டாரே' என்று ஆச்சரியப்பட்டாரே, அவர் சொன்னார்: "சொல்லிடுப்பா. மாமன்தானே?"

எங்களிடம் போர்ஷே இல்லை. காசுத் திமிரும் இல்லை. மாதக் கடைசியில் ஆயிரம் ரூபாய் கைமாற்று வாங்குகிற குடும்பம். ஆனாலும் மத்தியானம் யாரைத் திட்டினோமோ, அவர்கள் மேல் சொல்லப்பட்ட அதே காரியத்துக்குச் சாயங்காலம் தயாராகிவிட்டோம். நானும்தான். 'இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன், தூறல், திடீரென்று...' என்று மனசுக்குள் வசனம் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

அப்போது அந்த அம்மாவின் மகன் ஓடி வந்தார். ஜீப் டிரைவர். முப்பது வயது இருக்கும்.

"யாரு ஓட்டினது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான். "நான்தாண்ணே."

ஒத்திகைக்கு அவனை நாங்கள் கூப்பிடவே இல்லை. அதுதான் காரணமோ என்னவோ!

ஜீப் டிரைவர் அவனைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அவனை விட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவன் கையில சாவியக் குடுத்தது யாரு?"

* * *

அவர் சட்டம் படித்தவரில்லை. ஆனால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199-ஏ பிரிவு அந்த ஒரு வரிதான் என்று திண்டுக்கல்லில் இருக்கிற என் வக்கீல் நண்பன் சொன்னான்.

2019-ல் சட்டத்தைத் திருத்தியபோது புதிதாகச் சேர்த்த பிரிவு இது. அந்த வருடம் செப்டம்பர் 1-ம் தேதி அமலுக்கு வந்தது. 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால், அவருடைய பாதுகாவலர் அல்லது வண்டியின் சொந்தக்காரர் குற்றவாளியாகக் கருதப்படுவார். நான் அப்பா இல்லை, மாமாதான். ஆனால், ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது என் பெயர்.

"அதெப்படிடா? நான் குடுத்தேன்னு அவங்கதானே நிரூபிக்கணும்?" என்று சினிமா கோர்ட் சீன் எல்லாம் பார்த்த தைரியத்தில் கேட்டேன்.

"அங்கதான் நீ மாட்டுறே" என்றான் நண்பன். "சின்னப் பையன் வண்டி எடுத்தாலே, நீ சம்மதிச்சுத்தான் எடுத்தான்னு கோர்ட் எடுத்துக்கும். சட்டத்துலயே அப்படி எழுதியிருக்கு. 'எனக்குத் தெரியாது' இல்லாட்டி 'தடுக்க வேண்டிய முயற்சியெல்லாம் ஒழுங்கா எடுத்தேன்'னு நிரூபிக்க வேண்டியது நீ."

"முயற்சின்னா?"

"சாவியை எங்க வெச்சிருந்தே, முன்னாடி அவன் எடுத்திருக்கானா, எடுத்தப்போ நீ என்ன செஞ்சே... இப்படி எல்லாம் கேப்பாங்க. 'மெதுவாப் போன்னு சொன்னேன் யுவர் ஆனர்'னு சொல்லிடாத. நீயே வாக்குமூலம் குடுத்த மாதிரி ஆயிடும்."

சாவியை வெளியே வைத்துவிட்டு 'எனக்குத் தெரியாது' என்று சொல்வதும் சுலபத்தில் எடுபடாதாம். டெல்லியில் ஒருவருடைய பைக்கை 18 வயது நிரம்பாத உறவுக்காரப் பையன் எடுத்துப் போய் மோதியதில் ஒருவர் இறந்து போனார். 'என்னைக் கேட்காமல் சாவியை எடுத்துவிட்டான்' என்றார் சொந்தக்காரர். 2011-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. வண்டி தவறான கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது சொந்தக்காரரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டது. 199-ஏ பிறப்பதற்கு எட்டு வருடம் முன்னால் வந்த நஷ்டஈட்டு வழக்கு அது.

நான் பி.காம். படித்தவன். எந்தக் கவலை வந்தாலும் ஒரு பேப்பரை எடுத்து நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் பற்று, அந்தப் பக்கம் வரவு என்று எழுதிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். அன்றைக்கும் எழுதினேன்.

பற்று: அபராதம் 25,000 ரூபாய். சிறை மூன்று வருடம் வரை. வண்டியின் ரிஜிஸ்ட்ரேஷன் 12 மாதத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது முடிகிற வரை லைசென்ஸ் கிடையாது, எல்.எல்.ஆர். கூடக் கிடையாது. அடுத்தது இன்ஷூரன்ஸ். 'பாலிசிதான் இருக்கிறதே' என்று இளிக்க முடியாது. அடிபட்டவருக்குக் கம்பெனி நஷ்டஈட்டைக் கொடுக்கும். லைசென்ஸ் இல்லாதவன் கையில் தெரிந்தே வண்டியைக் கொடுத்த சொந்தக்காரனிடமிருந்து அதை வசூல் செய்துகொள்ளும். 2004-ல் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிய வழி இது. ஒரு கால் எலும்புக்கு எவ்வளவு, மூன்று மாத வியாபாரத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, கடைசியில் பில் என் வீட்டுக்கு வரும்.

வரவு: ஒரு ரவுண்டு. அதுவும் பாதி.

எந்த ஆடிட்டரிடம் கொடுத்தாலும் இந்தக் கணக்கு டேலி ஆகாது.

* * *

"உடனே வந்து மாட்டிக்கிட்டதும் ஒருவிதத்துல நல்லதுக்குத்தான்" என்றான் நண்பன். "நீ ஓட்டினதாச் சொல்லியிருந்தா இன்னொரு கேஸ் சேர்ந்திருக்கும்."

குற்றவாளியைக் காப்பாற்றப் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம். அப்போது இந்திய தண்டனைச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா. பெயர் மாறினாலும் இந்த விஷயம் மாறவில்லை. குற்றவாளியைப் பதுக்கி வைப்பதும் அப்படித்தான். அதில் ஒரு வேடிக்கை: கணவனை மனைவியோ மனைவியைக் கணவனோ மறைத்து வைத்தால் மட்டும் சட்டம் விட்டுவிடுகிறது. அப்பா, அம்மா, தாத்தா, மாமா... யாரும் அந்தச் சலுகைப் பட்டியலில் இல்லை.

புனே விஷயம் பெரிதானதும் இந்த இரண்டாவது கட்டத்தில்தான். முதலில் அப்பா, 'லைசென்ஸ் இல்லையென்று தெரிந்தே காரைக் கொடுத்தார்' என்பது போலீஸ் தரப்பு. அப்புறம் தாத்தா, டிரைவர் விவகாரத்தில். ஜூன் 1-ம் தேதி அம்மா, பையனின் ரத்த மாதிரியை மாற்றிய விவகாரத்தில். இரண்டு டாக்டர்களும் கைதானார்கள். எல்லாம் கோர்ட் தீர்மானிக்க வேண்டிய விஷயம். ஆனால், கோர்ட்டுக்குப் போகாமலே தெரிந்த ஒரு கணக்கு இருக்கிறது. அந்த போர்ஷே கார் அன்றைக்கு நிரந்தர ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாமல் ஓடியது. கட்டாமல் விட்ட ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் 1,758 ரூபாய்.

கோடிக்கணக்கில் கார் வாங்கிய வீட்டில் 1,758 ரூபாய் கட்ட ஆள் இல்லை. எங்கள் வீட்டில் 'வேண்டாம்டா' என்று சொல்ல ஆள் இல்லை. பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

* * *

'என் வீட்டில் சின்னப் பசங்களே இல்லை, தப்பித்தேன்' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்களுக்கு ஒரு கேள்வி. உங்கள் அண்ணனுக்கு வயது முப்பது. கல்யாண வீட்டில் 'போட்டு' விட்டு, உங்கள் வண்டிச் சாவியைக் கேட்கிறார். அப்போது?

பொதுவாக, வயது வந்த ஒருவர் தப்பு செய்வதைத் தடுத்தே ஆக வேண்டும் என்று நம் நாட்டுச் சட்டம் உறவினர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. அண்ணன் குடிக்கிறார், மச்சான் சீட்டாடுகிறார் என்பதற்காக உங்களை உள்ளே போட மாட்டார்கள். அப்படிப் போட்டால் தமிழ்நாட்டில் வெளியே இருக்க ஆள் தேறாது. ஆனால், நீங்கள் கை கொடுத்தால் கதை மாறும். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டியைக் கொடுத்தால் 180-வது பிரிவு: மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குடித்தவர் ஓட்டுவதற்குத் துணை போனால் 188-வது பிரிவு: ஓட்டினவருக்கு என்ன தண்டனையோ அதுவே துணை போனவருக்கும். முதல் தடவைக்கு 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை. 2022 அக்டோபரில் சென்னை டிராஃபிக் போலீஸ், போதையில் ஓட்டுகிறவரோடு தெரிந்தே உட்கார்ந்து வருகிறவருக்கும் அபராதம் என்று அறிவித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான்.

நடுவில் ஒரு குழந்தை இருந்தால் மட்டும் சட்டம் இதோடு விடுவதில்லை. 2006-ம் வருடத்துக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தை நடத்தி வைத்த பெற்றோரை மட்டும் அது பிடிப்பதில்லை. அலட்சியத்தால் தடுக்காமல் விட்ட பாதுகாவலரையும் பிடிக்கிறது. இரண்டு வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். பெண்களுக்குச் சிறை மட்டும் கிடையாது. அங்கேயும் இதே கதைதான்: 'அலட்சியமாக இருக்கவில்லை' என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். 2012-ம் வருடத்து போக்சோ சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற பயம் இருந்தாலே புகார் சொல்ல வேண்டும். நடந்தது தெரிந்தும் சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. செய்தவர் சித்தப்பா, பெரியப்பா, 'வீட்டு மானம்' என்பதெல்லாம் அங்கே செல்லாது.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பெரியவர்கள் விஷயத்தில் சட்டம் 'கை கொடுக்காதே' என்கிறது. குழந்தைகள் விஷயத்தில் 'கை கட்டி நிற்காதே' என்கிறது.

அதற்குமேல் அது பெரிதாக எதையும் கேட்கவில்லை. அக்கா பையனை ஒழுக்க சீலனாக வளர்க்கச் சொல்லவில்லை. அவனுக்கு வேக ஆசையே வராமல் பார்த்துக்கொள் என்று சொல்லவில்லை. வீட்டில் நீ கெட்டவன் ஆனாலும் பரவாயில்லை, சாவியைப் பாக்கெட்டில் வைத்துக்கொள் என்கிறது. பத்து நிமிஷம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வான். 'மாமா மோசம்' என்பான். அக்காவே 'ரொம்பத்தான் பண்றே' என்பாள். அந்தப் பத்து நிமிஷத்தைத் தாங்க முடியாமல்தான் நம்மில் பாதிப் பேர் சாவியைத் தூக்கிப் போடுகிறோம். பாசத்தினால் கொடுத்தேன் என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை, சார். நல்ல பெயர் வாங்கத்தான் கொடுத்தேன்.

* * *

என் கேஸ் இன்னும் முடியவில்லை. அதைப் பற்றி அதிகம் எழுதாதே என்று நண்பன் எச்சரித்திருக்கிறான். அதனால் எழுதவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை நானும் அத்தானும் பாதிப் பாதி போட்டோம். அத்தான் ஆறு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. "குடுத்தது நீ" என்பார் ஒருநாள். "கேட்டது என் பையன்தானே" என்பார் இன்னொரு நாள். இரண்டுமே உண்மை.

அந்த அம்மா மூன்று மாதம் கூடையைத் தூக்கவில்லை. ப்ளம்ஸ் சீசன் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

2025 சீசனில் மறுபடி போனோம். அந்த ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 வண்டி என்று ஐகோர்ட் கணக்கு வைத்திருந்தது. அந்தக் கணக்கில் எங்கள் வண்டி இல்லை. நானும் அக்கா பையனும் வத்தலக்குண்டில் பஸ் ஏறினோம். ஜன்னல் சீட் அவனுக்கு. பதினெட்டு முடிந்து காலேஜ் போகிறான். கூடப் படிக்கிறவர்கள் எல்லாம் லைசென்ஸ் எடுத்துவிட்டார்கள். இவனுக்கு இருபத்தைந்துதான் கணக்கு என்று நண்பன் சொல்லி வைத்திருக்கிறான்.

"இன்னும் ஏழு வருஷம் மாமா" என்றான், டம்டம் பாறையில் பஸ் திரும்பும்போது. குரலில் கோபம் இருக்கிறதா என்று கவனித்தேன். இல்லாத மாதிரிதான் இருந்தது.

பெருமாள்மலையில் இறங்கி, பழனி ரோட்டில் நடந்தே போனோம். மூன்றாவது வளைவு. அந்த அம்மா இப்போது ரோட்டை விட்டு நாலடி உள்ளே தள்ளி, ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஊன்றுகோல். இவனை அவருக்கு உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் பார்த்தார். இவன் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கிலோ ப்ளம்ஸ் கேட்டான்.

பழத்தைத் தராசில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"எதுல வந்தீங்க?"

"பஸ்ஸுலம்மா" என்றான்.

தலையை ஆட்டிவிட்டு, நிறுத்த பழத்துக்கு மேல் இரண்டு பழம் சேர்த்துப் போட்டார். பையை அவனிடம் கொடுத்துவிட்டு, பணத்தை என்னிடம் வாங்கிக்கொண்டார்.